பூமியின் குடோன் வாடகை

வானிலைக்காரர்களைப் போலப் பெருந்தன்மையானவர்கள் உலகத்தில் கிடையாது, போர் நடக்கும்போதுகூடத் தரவைப் பகிர்ந்துகொள்வார்கள் என்று ஒரு புகழ்ச்சி உலவுகிறது. முழுக்க நம்ப வேண்டாம். நாளை நம் ஊரில் பெய்யப்போகிற மழை இன்று பக்கத்து நாட்டுக்காரன் தலைக்கு மேல் நிற்கிறது. அவனைக் கேட்காமல் நமக்குக் கதியில்லை. அவனுக்கும் அதற்கடுத்த நாட்டுக்காரனைக் கேட்காமல் கதியில்லை. இந்த நிர்ப்பந்தத்துக்குத்தான் சர்வதேச ஒத்துழைப்பு என்று கௌரவமாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். பகிர எல்லோரும் தயார்தான். பகிர்ந்ததை எங்கே போட்டுவைப்பது, போட்ட இடத்துக்கு யார் வாடகை கொடுப்பது, குவிந்துகிடப்பதை யார் உட்கார்ந்து கணக்குப் போடுவது என்பதில்தான் 240 வருஷமாக இழுபறி. ஊர்ப் பொது அண்டா மாதிரி. கல்யாணத்துக்கு எடுத்துப்போக ஊரே வரும். ஈயம் பூசக் காசு கேட்டால் ஊரே வெளியூர் போயிருக்கும்.

முதல் வாடகையைக் கட்டிய புண்ணியவான் கார்ல் தியோடோர் என்கிற ஜெர்மன் சிற்றரசர். மான்ஹைம் அரண்மனையில் ஐரோப்பாவே மூக்கின்மேல் விரல்வைக்கிற இசைக்குழுவை வைத்திருந்தவர். மோட்சார்ட் என்ற இளைஞர் நேரில் வந்து மாதக்கணக்கில் காத்திருந்து வேலை கேட்டபோது கையை விரித்துவிட்டார். அதே மனிதர் 1780-இல் தெர்மாமீட்டர் வாங்கப் பணப்பையை அவிழ்த்தார். ராஜாக்களின் ரசனையைப் பற்றி நாம் கருத்துச் சொல்ல முடியாது. ஆனால் அன்றைக்கு அவர் மோட்சார்ட்டுக்குக் கொடுத்திருந்தால் சங்கீதம் ஒன்றும் பெரிதாகக் கூடியிருக்காது, அது எப்படியும் வந்திருக்கும், தெர்மாமீட்டர்தான் வந்திருக்காது.

பணத்தை அவிழ்க்க வைத்தவர் அரண்மனைப் பாதிரியார் யோகான் யாக்கோப் ஹெம்மர். அதுவரை ஐரோப்பாவில் வெயிலை அளப்பவர்களுக்குப் பஞ்சமில்லை. ஆளுக்கொரு கருவி, ஆளுக்கொரு அளவுகோல், ஆளுக்கொரு நேரம். ஒருவர் விடிந்ததும் பார்ப்பார்; இன்னொருவர் சாப்பிட்டுக் கண்ணயர்ந்து எழுந்து பார்ப்பார். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் தெரிவது வானிலை அல்ல, இரண்டு பேரின் தினசரிப் பழக்கம். ஹெம்மர் ஒரே அச்சில் வார்த்த பாரமானி, வெப்பமானி, வாத்து இறகுத் தண்டில் செய்த ஈரமானி எல்லாவற்றையும் பெட்டியில் கட்டி 39 இடங்களுக்கு இலவசமாக அனுப்பினார். கிரீன்லாந்து முதல் ரஷ்யா வரை, கடல் தாண்டி அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் வரை. காலை 7, பிற்பகல் 2, இரவு 9. அச்சடித்த படிவம். மேகத்துக்கு ஒரு குறி, இடிக்கு ஒரு குறி. பெரும்பாலும் மடங்களையும் கல்லூரிகளையும் பிடித்தார். துறவிகள் எப்படியும் நேரத்துக்கு எழுந்து மணியடிப்பவர்கள். போகிற போக்கில் பாதரசத்தையும் பார்த்துவிடலாம். பவேரியாவில் ஹோஹென்பைசன்பெர்க் மலைமேல் துறவிகள் 1781-இல் தொடங்கிய பதிவு இன்றுவரை நடந்துகொண்டிருக்கிறது. மடம் மூடி, துறவிகள் போய், அரசாங்க ஊழியர்கள் வந்தும் பழக்கம் விடவில்லை.

வந்துசேர்ந்ததையெல்லாம் 12 தடித்த தொகுதிகளாக லத்தீனில் அச்சிட்டார்கள். 1790-இல் ஹெம்மர் போய்ச் சேர்ந்தார். 1795-இல் பிரெஞ்சுப் படையும் பீரங்கியும் மான்ஹைமுக்கு வந்தன, இந்த வேலைக்கென்று வைத்திருந்த வானிலைச் சங்கம் படுத்தது. தொகுதிகள் மட்டும் அலமாரியில் தூங்கின. பிறகு பிரெஸ்லாவில் ஹைன்ரிஷ் பிராண்டஸ் என்கிற பேராசிரியர் அவற்றைத் தூசி தட்டி, நாள்வாரியாக அடுக்கிப் பார்த்து, காற்றழுத்தத் தாழ்வு ஐரோப்பாவைக் கடந்து நகர்ந்துபோவதைக் கண்டுபிடித்தார். அவர் ஆராய்ந்தது 1783-ஆம் வருஷத்து வானிலை. புத்தகம் வெளிவந்தது 1820-இல். வானிலை அறிக்கை 37 வருஷம் தாமதமாக வந்ததே என்று யாரும் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. தரவு சேர்க்க ஒரு ராஜா கிடைத்தார், கணக்குப் போட ஆள் கிடைக்கவில்லை. இந்தக் கதையில் பிறகு வருவதெல்லாம் இதே கதைதான், எண்களில் பூஜ்யம் மட்டும் கூடிக்கொண்டே போகும்.

அமெரிக்கக் கடற்படையில் மாத்யூ மோரி என்று ஒரு லெப்டினன்ட். 1839-இல் குதிரை வண்டி கவிழ்ந்து கால் உடைந்து நடை கெட்டது. கப்பலேற முடியாத கடற்படை அதிகாரியை என்ன செய்வது என்று யோசித்து, 1842-இல் வாஷிங்டனில் வரைபடக் கிடங்குக்குப் பொறுப்பாளராக உட்காரவைத்தார்கள். எல்லா அலுவலகங்களிலும் இப்படி ஓர் அறை உண்டு. அங்கே கப்பல்களின் பதிவேடுகள் மலையாகக் குவிந்திருந்தன: தேதி, இடம், காற்று, நீரோட்டம். கடற்படையைப் பொறுத்தவரை அது எடைக்குப் போடவேண்டிய காகிதம். மோரி அதைப் பிரித்து, எந்த மாதம் எந்தக் கடலில் எந்தக் காற்று என்று 1847-இல் வரைபடம் போட்டார். வணிகக் கப்பல்காரர்கள் அதை வைத்துக்கொண்டு போய், பயணத்தில் வாரக்கணக்கில் மிச்சம் பிடித்தார்கள்.

அப்புறம்தான் மோரி தன் வியாபார மூளையைக் காட்டினார். வரைபடம் விலைக்குக் கிடையாது. என் படிவத்தை நிரப்பிக் கொண்டுவந்து கொடு, இலவசமாக வாங்கிப்போ. உலகத்துக் கப்பல் தலைவர்களெல்லாம் சம்பளமில்லாத குமாஸ்தாக்கள் ஆனார்கள். இன்றைக்கு நம் கைபேசிகளில் ஓசிச் செயலிகள் செய்வதை அவர் பாய்மரக் காலத்திலேயே செய்துவிட்டார். ஒரே வித்தியாசம், மோரி முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்தார். 1853-இல் பிரஸ்ஸல்ஸில் 10 நாடுகள் கூடி, எல்லாக் கப்பலும் ஒரே படிவத்தில் எழுதுவது என்று ஒப்புக்கொண்டன. வருடக்கணக்கில் தங்களுக்குள் சுட்டுக்கொண்டிருந்த நாடுகள் படிவத்தின் கட்டங்களுக்காக உட்கார்ந்து பேசின. 1861-இல் உள்நாட்டுப் போர் வந்ததும் மோரி வேலையை உதறிவிட்டு, அடிமை முறையைக் காக்க நின்ற தென்மாநிலங்களின் பக்கம் போய், நீருக்கடியில் வெடிக்கும் கண்ணிகள் செய்தார். கப்பல்களுக்கு வழிசொன்னவர் கப்பல்களைக் கவிழ்க்கப் போனார். பதிவேடுகள் வாஷிங்டனிலேயே தங்கிவிட்டன. தரவுக்கு விசுவாசம் கிடையாது. இருக்கிற அலமாரியில் இருக்கும்.

நம் பக்கம் வருவோம். 1899-இல் இந்திய வானிலைத் துறையின் தலைவர் ஜான் எலியட் நல்ல மழை பெய்யும் என்றார். வந்தது கொடும் பஞ்சம். அதற்குப் பிறகு கொஞ்ச காலம் பருவமழைக் கணிப்பை ரகசிய ஆவணமாக வைத்துக்கொண்டார்கள். தப்பாய்ப் போனாலும் ஊருக்குத் தெரியாதல்லவா. எலியட் ஓய்வுபெற்றதும் 1904-இல் அந்த நாற்காலிக்கு வந்தவர் கில்பர்ட் வாக்கர். கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் முதல் இடம். வானிலையைப் பற்றித் தெரிந்தது பூஜ்யம். புல்லாங்குழல் பைத்தியம், அதைவிடப் பெரிய பைத்தியம் பூமராங். கல்லூரி மைதானத்தில் அதை எறிந்து எறிந்து அதன் கணிதத்தைக் கட்டுரையாகவே எழுதியவர். பஞ்சத்தில் தவிக்கும் துணைக்கண்டத்துக்கு மழை சொல்ல இவரைத் தேர்ந்தெடுத்தது எந்தப் புத்திசாலியோ, அவருக்குச் சிலை வைக்கலாம். தேர்வு சரியாகத்தான் இருந்தது.

வாக்கரின் வாதம் எளிமையானது. எனக்கு வானிலை தெரியாது, சரி. தெரிந்தவர்களுக்கு மட்டும் என்ன தெரிந்தது? அதனால் காரணம் தேடுவதை விட்டுவிட்டு எண்களை மோதவிடலாம். டார்வின், ஹொனலூலு, ஜாவா, சான்சிபார், தென்னமெரிக்கா என்று உலகமெங்கும் இருந்து காற்றழுத்தம், நைல் நதியின் வெள்ளம், இமயமலைப் பனி. எதற்கும் எதற்கும் தொடர்பிருக்கிறதா என்று எல்லா ஜோடிகளுக்கும் ஒட்டுறவுக் கெழு கணக்கிட வேண்டும். கணினி? இருந்தது. சிம்லாவில் மேசைமுன் உட்கார்ந்திருந்த இந்தியக் குமாஸ்தாக்கள்தான் கணினி. மின்சாரம் தேவையில்லை, தேநீர் போதும். வருஷக்கணக்கில் பெருக்கினார்கள், கூட்டினார்கள், மூலம் எடுத்தார்கள். பருவமழையைக் கணிக்கும் சூத்திரம் பெரிதாகக் கிடைக்கவில்லை. ஆனால் பசிபிக்கின் ஒரு பக்கம் அழுத்தம் ஏறினால் இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்குகிறது என்கிற மாபெரும் ஊசலாட்டம் அகப்பட்டது. 1924-இல் அதற்குத் தென் அலைவு என்று பெயரிட்டார். எல் நினோவின் மறுபாதி. குரங்கு பிடிக்கப் போய்ப் பிள்ளையார் கிடைத்த அபூர்வ நிகழ்ச்சி. பின்னால் ஒரு காற்றோட்டத்துக்கு வாக்கர் சுழற்சி என்று பெயர்வைத்துக் கௌரவித்தார்கள். குமாஸ்தா சுழற்சி என்று எதற்கும் பெயர்வைக்கவில்லை.

இடையில் ஒரு சமாசாரம். 1913 பிப்ரவரியில் வாக்கர் மெட்ராஸ் வந்தார். துறைமுகக் கழகத்தின் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங், எங்கள் ஆபீசில் 30 ரூபாய் சம்பளத்தில் ஒரு குமாஸ்தா இருக்கிறார், இதைக் கொஞ்சம் பாருங்கள் என்று சில தாள்களை நீட்டினார். குமாஸ்தாவின் பெயர் ராமானுஜன். வாக்கர் பார்த்தார், அசந்தார், மெட்ராஸ் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதினார். மாதம் 75 ரூபாய் உதவித்தொகை வந்தது. நினைத்துப் பாருங்கள்: நாள் முழுக்கப் பெருக்கல் போட ஆள் தேவைப்பட்டுக்கொண்டே இருந்த அதிகாரி அவர். சம்பளம் குறைவான, கணக்கில் புலியான ஒரு குமாஸ்தா கையில் கிடைக்கிறார். சிம்லாவுக்கு டிக்கெட் எடுத்து, நைல் நதி வெள்ளத்தின் முன் உட்காரவைக்காமல் விட்டாரே, அதற்காகவே கணித உலகம் வாக்கருக்கு வருஷம் ஒரு மாலை போடலாம்.

ஆட்களைக் கணினியாக வைத்துக்கொள்வதை அதன் உச்சிக்குக் கொண்டுபோனவர் லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன். முதல் உலகப்போரில் துப்பாக்கி தூக்க மாட்டேன் என்று ஆம்புலன்ஸ் ஓட்டப் போனவர். பிரான்சில் போர்முனைக்குப் பின்னால், காயம்பட்டவர்களை ஏற்றி இறக்கிய நேரம் போக, 1910 மே 20-ஆம் தேதி வானிலையை ஆறு மணி நேரத்துக்குக் கையாலேயே கணித்துக்கொண்டிருந்தார். கையெழுத்துப் பிரதி போர்க்களத்தில் தொலைந்துபோய், சில மாதங்கள் கழித்து பெல்ஜியத்தில் ஒரு நிலக்கரிக் குவியலுக்கு அடியில் கிடைத்தது. கிடைத்த விடை: ஆறு மணி நேரத்தில் காற்றழுத்தம் 145 மில்லிபார் ஏறும். உண்மையில் அன்றைக்கு அது ஏறக்குறைய அசையவே இல்லை. அப்படி ஏறியிருந்தால் ஐரோப்பாவில் கணிப்பதற்கு ஆள் மிஞ்சியிருக்காது. வேறொருவராயிருந்தால் அந்தத் தாளை நிலக்கரியோடு அடுப்பில் போட்டிருப்பார். ரிச்சர்ட்சன் 1922-இல் அதைப் புத்தகமாகவே போட்டு, தப்பை விளக்கமாக எழுதி, கூடவே ஒரு கனவையும் சேர்த்தார். உருண்டையான பெரிய அரங்கம், சுவரெல்லாம் உலக வரைபடம், 64,000 பேர் உட்கார்ந்து ஆளுக்கொரு துண்டு வானத்தைக் கணக்கிடுகிறார்கள். நடுவே மேடையில் ஒருவர், முந்திக்கொண்டு போகிற பகுதிமேல் ரோஜா நிற விளக்கையும் பின்தங்குகிற பகுதிமேல் நீல விளக்கையும் அடித்து எல்லோரையும் ஒரே சீராக ஓட்டுகிறார். இன்றைய சூப்பர் கணினிக்குள் பல்லாயிரம் செயலிகள் செய்வது அச்சு அசலாக இதுதான். நீல விளக்கு மட்டும் இல்லை.

64,000 பேருக்குச் சம்பளம் கொடுக்க யாரும் முன்வராததால் 1950 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அமெரிக்க ராணுவம் பீரங்கிக் குண்டு எங்கே விழும் என்று கணக்குப் போட எனியாக் என்று ஒரு ராட்சதப் பெட்டியைச் செய்து வைத்திருந்தது. அதை இரவல் வாங்கி, வானிலை விஞ்ஞானி ஜூல் சார்னியும் கணித மேதை வான் நாய்மனும் மற்றவர்களும் வட அமெரிக்காவின் வானிலையைப் போட்டுப் பார்த்தார்கள். 33 நாள், இரவும் பகலும். 24 மணி நேரத்துக்கான கணிப்பை முடிக்க ஏறக்குறைய 24 மணி நேரம் பிடித்தது. நாளைய வானிலை நாளைக்கே கிடைத்துவிடும். துளையட்டைகள் மட்டும் லட்சம் வெளிவந்தன. ரிச்சர்ட்சனுக்குப் படங்களை அனுப்பினார்கள். அவர் அவற்றை மனைவியிடம் கொடுத்து, இன்றைய நிலை அப்படியே நாளையும் இருக்கும் என்று விட்டுவிடுவது மேலா, கணினி போட்ட படம் மேலா என்று கேட்டார். அம்மையார் பார்த்துவிட்டு, கணினி தேவலை, ஆனால் கொஞ்சம்தான் என்றார். விஞ்ஞான வரலாற்றில் இதைவிட நேர்மையான மதிப்புரை எனக்குத் தெரிந்து இல்லை.

1957 ஜூலையில் தொடங்கிய சர்வதேசப் புவி இயற்பியல் ஆண்டு, பெயருக்குத்தான் ஆண்டு; நடந்தது 18 மாதம். விஞ்ஞானிகளின் காலண்டர் அப்படி. 67 நாடுகள் கலந்துகொண்டன. தரவை வைக்க உலகத் தரவு மையம் ஏ அமெரிக்காவில், பி சோவியத்தில், சி மற்றவர்களிடம். எந்தத் தரவும் ஒரே இடத்தில் இருக்கக் கூடாது, பேரழிவு வந்தால் இன்னொரு நகல் மிஞ்ச வேண்டும் என்று விதி. பேரழிவை யார் கொண்டுவருவார்கள் என்பது இரு தரப்புக்கும் நன்றாகத் தெரியும். ஹைட்ரஜன் குண்டை ஒருவர்மேல் ஒருவர் குறிவைத்துக்கொண்டே நிலநடுக்கப் பதிவுகளை அஞ்சலில் அனுப்பிக்கொண்டார்கள்.

பிறகு க்ரே-1 வந்தது. வட்டமாக, சுற்றிலும் மெத்தை தைத்த உட்காரும் பலகையோடு, துணிக்கடையில் கணவன்மார்களுக்குப் போட்டிருக்கும் சோபாவைப் போலவே இருந்த கணினி. இப்படிப்பட்ட பெரிய கணினிகளைத் தனியாக வாங்கக் கட்டுப்படியாகாது என்று ஐரோப்பிய நாடுகள் 1975-இல் கூட்டுச் சேர்ந்து, இங்கிலாந்தின் ரெடிங்கில் ஒரு நடுத்தர கால முன்கணிப்பு மையம் அமைத்தன. கூட்டுக் குடித்தனங்களில் இது ஒன்றுதான் உருப்படியாக நடந்தது என்பேன். பின்னால் அதன் புதிய கணினிகள் இத்தாலியின் பொலோனாவில் ஒரு பழைய புகையிலைத் தொழிற்சாலைக்குள் குடியேறின. டெல்லியிலும் பருவமழைக்காக ஒரு க்ரே கேட்டோம். குண்டு செய்யப் பயன்படுத்திவிடுவோம் என்று அமெரிக்கா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து, கேட்டதைவிடச் சின்னதாக ஒன்றை ஆயிரம் நிபந்தனையோடு 1980-களின் கடைசியில் கொடுத்தது. அந்த ரோஷத்தில்தான் புனேயில் சிடாக் என்கிற கணினி ஆய்வு மையம் பிறந்து, 1991-இல் பரம் 8000 என்கிற சூப்பர் கணினியைச் செய்தது. 2024-இல் புனேயிலும் நொய்டாவிலும் அர்கா, அருணிகா என்று 850 கோடி ரூபாயில் இரண்டு நிறுவியிருக்கிறோம். இப்போது யாரும் விளக்கெண்ணெய் விடுவதில்லை.

இனி வருவதுதான் இந்த வரலாற்றின் தலைசிறந்த கூத்து. 1972 ஜூலை 23 அன்று அமெரிக்கா பூமியைப் படமெடுக்க ஒரு செயற்கைக்கோளை ஏவியது. பின்னால் லாண்ட்சாட் என்று பெயர் மாற்றினார்கள். வயல், காடு, ஏரி, நகரம் எல்லாம் வரிசையாகப் படமாகின. படங்கள் தெற்கு டகோட்டாவில் சோளக்காட்டு நடுவே ஒரு மையத்தில் டேப்புகளாகக் குவிந்தன. எல்லாம் மக்கள் வரிப்பணம். 1980-களில் வாஷிங்டனில் சந்தைப் பொருளாதார சாமியாடிகள் வந்தார்கள். இவ்வளவு நல்ல சரக்கைச் சும்மா கொடுப்பதாவது? 1984-இல் சட்டம் போட்டு இயோசாட் என்கிற தனியார் நிறுவனத்திடம் ஒப்படைத்தார்கள். ஒரு படத்தின் விலை 4,400 டாலர் வரை ஏறியது. வாங்கியவர் பக்கத்து அறைக்காரருக்குக் காட்டக் கூடாது, பதிப்புரிமை. காடு அழிவதை ஆராய விரும்பிய பல்கலைக்கழக மாணவர் ஒரு படம் வாங்கி ஒரு காடு இருந்தது என்று நிறுவலாம். அழிந்தது என்று நிறுவ இன்னொரு 4,400 வேண்டும்.

இன்னொரு கொடுமை, வாடிக்கையாளர் கேட்டால்தான் படம் எடுப்பார்கள். காசுள்ளவர்கள் கேட்காத நிலப்பரப்புகளுக்குமேல் செயற்கைக்கோள் கண்ணை மூடிக்கொண்டு பறந்தது. அந்த வருஷங்களில் உலகத்தின் பல ஏழை நாடுகளுக்குப் பதிவில் பெரிய ஓட்டை. பின்னால் என்ன விலை கொடுத்தாலும் கிடைக்காது, ஏனென்றால் அந்த நாள் போய்விட்டது. 1989-இல் பராமரிக்கப் பணமில்லை என்று வேலை செய்துகொண்டிருந்த இரண்டு செயற்கைக்கோள்களையும் அணைத்துவிடச் சொல்லி உத்தரவே போய்விட்டது. ஆய்வாளர்கள் கூச்சல்போட்டு நிறுத்தினார்கள். 1993-இல் லாண்ட்சாட் 6 ஏவப்பட்டது. சுற்றுப்பாதையை எட்டாமலே போயிற்று. இந்தக் குளறுபடிகளையெல்லாம் மேலிருந்து பார்த்துக்கொண்டு, 1984-இல் மூன்று வருஷ ஆயுளோடு அனுப்பப்பட்ட லாண்ட்சாட் 5 மட்டும் 2013 வரை உழைத்தது. கின்னஸ் புத்தகத்தில் இடம் கொடுத்தார்கள். ஓய்வூதியம் உண்டா என்று தெரியவில்லை.

தனியார்மயம் தோற்றதென்று 1992-இல் வேறு சட்டம் போட்டு, 1999-இல் லாண்ட்சாட் 7 போனபோது படத்தின் விலை 600 டாலராக இறங்கியது. வருஷத்துக்குச் சில பத்தாயிரம் படங்கள் விற்றன. அந்தப் பணத்தில் ஒரு பங்கு, பணம் வசூலிக்கும் ஆபீஸை நடத்தவே போய்விடுகிறது என்று யாரோ கடைசியில் கவனித்திருக்க வேண்டும். பிரேசில் 2004-லிலேயே தன் செயற்கைக்கோள் படங்களைச் சும்மா கொடுக்கத் தொடங்கிவிட்டது. பணக்கார நாட்டுக்கு அது உறைக்க நாலு வருஷம் ஆனது. 2008-இல் விலையை எடுத்தார்கள். சில பத்தாயிரமாக இருந்த எண்ணிக்கை இரண்டே வருஷத்தில் 20 லட்சத்தைத் தாண்டியது. படம் அதே படம். செயற்கைக்கோள் அதே செயற்கைக்கோள். 2003-இலிருந்து லாண்ட்சாட் 7-இன் ஒரு கண்ணாடி அமைப்பு கெட்டு, படங்களில் வரிவரியாகக் கறுப்புக் கோடுகூட விழுந்துகொண்டிருந்தது. கோடு விழுந்த ஓசிப் படத்துக்கு இருந்த கிராக்கி, கோடு விழாத 4,400 டாலர் படத்துக்கு இருந்ததில்லை.

இதற்குள் தட்பவெப்ப மாதிரிக்காரர்கள் வேறொரு சிக்கலில் மாட்டியிருந்தார்கள். உலகத்தில் பல நாடுகளும் வருங்காலப் பருவநிலையைத் தங்கள் கணினியில் ஓட்டிப் பார்க்கின்றன. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். 2000-களின் நடுவில் அது சுமார் 35 டெராபைட். இணையத்தில் அனுப்பினால் அனுப்பி முடிப்பதற்குள் பருவநிலையே மாறிவிடும். எனவே கலிபோர்னியாவில் இருந்து, அதுவும் ஹைட்ரஜன் குண்டு வடிவமைக்கவென்று தொடங்கிய லிவர்மோர் ஆய்வகத்தில் இருந்து, காலி ஹார்ட் டிஸ்க்குகளைப் பார்சலில் அனுப்பினார்கள். ஒவ்வொரு நாடும் நிரப்பித் திருப்பி அனுப்பியது. மோரியின் படிவம் போன அதே வழி. 21-ஆம் நூற்றாண்டின் மிகப்பெரிய அறிவியல் ஒப்பீடு கூரியர் பையனின் கையில் இருந்தது.

வந்துசேர்ந்ததும் புதுச் சண்டை. பிரிட்டனின் புகழ்பெற்ற மாதிரியில் எல்லா மாதத்துக்கும் 30 நாள். அங்கே பிப்ரவரி 30 உண்டு, டிசம்பர் 31 கிடையாது. இன்னொருவருக்கு லீப் வருஷமே கிடையாது. மூன்றாமவர் நம்மைப் போலச் சாதாரண மனிதர். இவர்கள் மூவரையும் ஒரே வரைபடத்தில் உட்காரவைப்பதற்குள் முனைவர் பட்டம் பாதி முடிந்துவிடும். ஹெம்மர் இருந்திருந்தால் எல்லோருக்கும் ஒரே காலண்டரைப் பெட்டியில் கட்டி அனுப்பியிருப்பார்.

அடுத்த சுற்று ஒப்பீட்டில் தரவு 2 பீட்டாபைட் ஆனது. அதற்கடுத்த சுற்றில் 20-ஐத் தாண்டியது. உலகெங்கும் பரவிய சர்வர்களை ஒன்றாகக் கட்டி, எங்கிருந்து கேட்டாலும் கிடைக்கும்படி ஒரு கூட்டமைப்புச் செய்தார்கள். 2015-இல் யாரோ பாதுகாப்பு ஓட்டையில் புகுந்துவிட, மொத்தத்தையும் இழுத்து மூடிப் பல மாதம் பூட்டிவைத்தார்கள். பொதுச் சொத்து, எல்லோருக்கும் இலவசம் என்று அறிவித்திருந்த தரவைத் திருட வந்தவர் யாரோ, அவருடைய மனநிலைதான் ஆராய்ச்சிக்குரியது.

தரவு ஆளிடம் வர முடியாவிட்டால் ஆள் தரவிடம் போக வேண்டியதுதான். பிரிட்டிஷ்காரர்கள் 2012-இல் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்தில் ஜாஸ்மின் என்கிற பொதுக் கணினிக் கிடங்கைத் திறந்தார்கள். செயற்கைக்கோள் படமும் பருவநிலைக் கோப்பும் வட்டில் கிடக்கும். வட்டை ஒட்டியே செயலிகள் நிற்கும். ஆராய்ச்சியாளர் வீட்டிலிருந்து உள்ளே நுழைந்து கணக்குப் போட்டுவிட்டு விடையை மட்டும் எடுத்துப்போகலாம். அருமையான ஏற்பாடு. ஆனால் பொது வட்டில் இடம் கொடுத்தால் என்ன நடக்கும்? நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான் நடக்கும். புதிய, புதிய2, கடைசி, கடைசி_நிஜமாக என்று ஒரே கோப்பின் பிரதிகள் பெருகும். உருவாக்கிய மாணவர் படிப்பை முடித்து வங்கி வேலைக்குப் போயிருப்பார். அழிக்கலாமா என்று நிர்வாகி கடிதம் போட்டால், மூன்று வருஷமாகத் திறந்துகூடப் பார்க்காத பேராசிரியர் ஐந்து நிமிடத்தில் பதில் போடுவார்: தொடாதே.

தனியார் மேகக்கணினிக்காரர்களும் வந்தார்கள். கூகுள் எர்த் எஞ்சின் 2010-இல் வந்தது. 2013-இல் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தார் 6,54,178 லாண்ட்சாட் படங்களை அதில் போட்டு, உலகத்துக் காடு எங்கே அழிந்தது, எங்கே வளர்ந்தது என்று வரைபடம் வெளியிட்டார்கள். ஒரே கணினியில் 15 வருஷம் ஆகியிருக்கும் வேலையை 10,000 கணினிகள் சில நாட்களில் முடித்தன. பழைய 4,400 டாலர் கணக்கில் அந்தப் படங்களின் விலையைப் பெருக்கிப் பாருங்கள்; கிட்டத்தட்ட 290 கோடி டாலர். எந்தப் பல்கலைக்கழகப் பொருளாளரிடம் இந்தப் பில்லை நீட்டினாலும் ஆம்புலன்ஸ் கூப்பிட வேண்டியிருக்கும். மற்ற மேகக்காரர்கள் தரவைக் கொண்டுவந்து கொட்டக் கட்டணம் வாங்க மாட்டார்கள். வெளியே எடுக்கத்தான் கட்டணம். எர்த் எஞ்சினும் 2022-இலிருந்து வியாபாரிகளிடம் காசு வாங்குகிறது. ஆராய்ச்சிக்காரர்களுக்கு இன்னும் ஓசிதான், இப்போதைக்கு.

அரசாங்க அலமாரியும் பத்திரம் என்று சொல்ல முடியாது. 2016 டிசம்பரில் அமெரிக்காவில் ஆட்சி மாறப்போகிறது என்றதும், சூழலியல் தரவுகள் ஒருநாள் காலையில் காணாமல் போய்விடுமோ என்று பயந்து, டொரான்டோவில் நூலகர்களும் மாணவர்களும் வார இறுதியில் கூடி, அமெரிக்க அரசாங்கத்தின் கோப்புகளைக் கனடாவில் உட்கார்ந்து நகலெடுத்தார்கள். மையம் ஏ, மையம் பி ஏற்பாடு மறுபடி. இந்த முறை சோவியத் இல்லாமலே.

லாண்ட்சாட் விஷயத்தில் நடந்ததைப் பார்த்தபிறகு யாரும் விலைவைக்கும் பேச்சை எடுக்க மாட்டார்கள் என்றுதான் நினைக்கத் தோன்றும். 2018-இல், இலவசமாக்கிய பத்தாம் வருஷத்தில், அமெரிக்க உள்துறை தன் ஆலோசனைக் குழுவிடம் படங்களுக்கு மீண்டும் கட்டணம் வைக்கலாமா என்று பார்க்கச் சொன்னது. இலவசமே இருக்கட்டும் என்று குழு சொல்லிவிட்டது. 1972-இலிருந்து எடுத்த படங்கள் இன்றும் இலவசம்; உங்கள் ஊர் ஏரியின் 50 வருஷ நிலவரம் அதில் இருக்கிறது. தேவைப்படுகிறவர்கள் கொஞ்சம் சீக்கிரமாகவே இறக்கிவைத்துக்கொள்ளுங்கள். அடுத்த குழு எப்போது கூடும் என்று எந்தக் கணினியாலும் கணிக்க முடியாது.